ஓடிஜில வெந்த ஸ்பிரிங்கு

நேத்து சாயங்காலம் சித்தப்பா வந்தவரு வழக்கம்போல ஹால் பக்கம் திரும்பிக்கூட பாக்காம நேரா கிச்சனுக்கு போய்ட்டாரு. கேக் சுடுற கரண்ட் அடுப்பு, அதான் ஓடிஜி, அதுக்குள்ள மஞ்ச லைட்டு எரியுது, டிரேல நாலு சுருள் மினுமினுன்னு உக்காந்திருக்கு. "பரவால்லியே, எண்ணெய் இல்லாம முறுக்கு போடுறீங்களா"ன்னு கண்ணாடிகிட்ட மூக்கை கொண்டுபோனவரு அப்படியே நின்னுட்டாரு. உள்ள இருந்தது அப்பாவோட பழைய புல்லட்டுக்கு புதுசா செஞ்சு குரோம் போட்ட சீட்டு ஸ்பிரிங்கு. ரெண்டு ஜோடி. 200 டிகிரி.

எதுக்கு இந்த கூத்துன்னா, குரோம் போடுறதுக்கு முன்னாடி ஆசிட்ல முக்குவாங்க இல்லியா, அப்ப இரும்புக்குள்ள ஹைட்ரஜன் பூந்துக்கும், தொட்டிக்குள்ள கரண்ட் விடும்போது இன்னும் கொஞ்சம் பூந்துக்கும், அதை அப்படியே மாட்டுனா பாக்க பளபளன்னு இருந்துட்டு ஒருநாள் ஸ்பீட் பிரேக்கர்ல பட்டுன்னு ஒடைஞ்சு யாரு எவர்னு பாக்காம கீழருந்து குத்தும். பிளேட்டிங் முடிஞ்ச சூட்டோட சூடா 200 டிகிரி பக்கத்துல நாலஞ்சு மணி நேரம் வச்சு எடுத்தா அது வெளிய போயிரும். இதெல்லாம் எனக்கெங்க தெரியும், ரயில் பெட்டி செய்யிற ஐசிஎஃப் ஃபேக்டரில ஃபிட்டரா இருந்து ரிட்டயரான அப்பா சொன்னது. பிளேட்டிங் பட்டறைல போய் "அண்ணே உங்ககிட்ட அவன் இருக்கா"ன்னு கேட்டேன், "எவன் சார்"னாரு. அதுக்கு மேல என்ன பேச.

அப்படித்தான் மேடமோட, அதாவது என் வீட்டுக்காரியோட, ஓடிஜிக்கு இந்த கதி. அதுல டைமர் ஒரு மணி நேரத்துக்கு மேல திரும்பாது, அதனால அப்பா கிச்சன் வாசல்ல பிளாஸ்டிக் சேரை போட்டு தினத்தந்திய விரிச்சு உக்காந்துட்டாரு. டிங்குன்னா எந்திரிச்சு திருகுவாரு, மறுபடி உக்காருவாரு. எங்க பரீட்சைக்கெல்லாம் இந்த மனுஷன் இப்படி கண்ணு முழிச்சு நான் பாத்ததில்ல.

மேடம் ஒரு வார்த்தை பேசல. பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். கடைசியா ஒன்னே ஒன்னு சொன்னா: "இனிமே இது உங்க பட்டறை சாமான். என் கேக்குக்கு புதுசு வாங்கிருங்க." ஆக சீட்டு கணக்குல ஒரு ஓடிஜியும் ஏறிருச்சு.

இத்தனைக்கும் இது என்ன ராக்கெட்டா? புல்லட்டோட ஒத்த சீட்டு, பழைய சேடில். முன்னாடி மூக்குல ஒரு போல்ட்டு, பின்னாடி ரெண்டு ஸ்பிரிங்கு, முடிஞ்சுது கதை. வண்டி பிறந்தது பக்கத்துல திருவொற்றியூர்ல. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டுகாரங்களோட கூட்டு சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. நம்ம ஐசிஎஃப்பும் அதே வருஷம்தான், அதனாலேயே ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னு அப்பாவுக்கு ஒரு நெனப்பு. அங்க ரெட்டிச்ல மூடிட்டு போய்ட்டான், இங்க அதே எஞ்சினை 2000 தாண்டியும் வார்த்துத் தள்ளிக்கிட்டே இருந்தாங்க, அதனால பிஸ்டன் வேணுமா, வால்வு வேணுமா, புதுப்பேட்டைல தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் எடுத்து குடுப்பாங்க. சீட்டு சாமான் மட்டும் கெடைக்காது. ஏன்னா நம்ம ஊர்ல கல்யாணம் நிச்சயம் ஆன மறுநாளே அவனவன் சேடிலை கழட்டி எடைக்கு போட்டுட்டு டபுள் சீட்டு மாட்டிட்டான். மாட்டாத ஒரே ஆளு எங்கப்பா. கல்யாணத்துக்கு அப்புறமும் சேடிலை விடல, அம்மாவுக்குன்னு மட்கார்டு மேல தலகாணி சைஸுல தனியா ஒரு சீட்டு போட்டு குடுத்தாரு. அதை அம்மா இன்னும் மறக்கல, மன்னிக்கவும் இல்ல.

புதுப்பேட்டைல மூக்கு போல்ட்டு கேட்டா போற கடையெல்லாம் ஒரே டயலாக். "ரெண்டரை நூல்தான சார், எட்டு எம்எம் போடுங்க, அதேதான்." அதேதான் இல்லய்யா! ரெண்டரை நூல்னா 7.94 எம்எம், எட்டுக்கு மயிரிழைதான் வித்தியாசம், அதுவரைக்கும் சரி. மரை? எங்க வண்டில இருக்குறது பழைய வெள்ளக்காரன் சைக்கிள் த்ரெட்டு, இஞ்சுக்கு 26 மரை. எட்டு எம்எம் போல்ட்டுல இஞ்சுக்கு இருபதுதான் வரும். ஒரு சுத்து ஆசையா ஏறும், அடுத்த சுத்துல மக்கர் பண்ணும், அப்ப நம்மாளு ரிங் ஸ்பேனருக்கு பைப்பு சொருகி ஒரு மிதி மிதிப்பான் பாருங்க, போல்ட்டு உள்ள போயிரும், சேஸிஸ்ல இருக்குற மரை மொத்தமும் தூளா வெளிய வந்துரும். அப்புறம் "வெல்டு வச்சுரலாம் சார்". நம்ம ஊர்ல எந்த பிரச்சனைக்கும் கடைசி ஸ்டாப்பிங் வெல்டிங்தான்.

ஆன்லைன்ல பாத்தா இங்கிலாந்துல ஒருத்தர் அச்சு அசலா செஞ்சு விக்கிறாரு. பவுண்டுல விலை, அப்புறம் கூரியர், அப்புறம் கஸ்டம்ஸ். திருவொற்றியூர்ல செஞ்ச வண்டிக்கு கப்பல் தாண்டி போல்ட்டு வரணும்! "அவன் கட்டிக் குடுத்த மரைய நாம வெட்ட முடியாதா"ன்னு அப்பாவுக்கு ரோஷம் வந்துருச்சு.

போல்ட்டு கதை சுமுகமா முடிஞ்சுது, அதை சொல்லணும். அயனாவரம் லேத்துக்காரரு, அப்பாவை விட பெரியவரு, அந்த சைஸுக்கு மரை வெட்டுற டை கெடையாதுன்னதும் சேஞ்ச் கியரை மாத்திப் போட்டு ஒத்த டூல்லயே மரைய வெட்டுனாரு. ஈஎன்8ங்கிற ஸ்டீல் ராடு. ஒவ்வொரு கட்டுக்கும் தலைமுடி மாதிரி சுருண்டு சுருண்டு வருது, அவரு பேசாம பீடிய மாத்தி மாத்தி கடிக்கிறாரு. வெட்டி முடிச்சதும் அப்பா சட்டைப் பையிலருந்து பழைய நட்டை எடுத்து கண்ண மூடிக்கிட்டு ஒத்த விரல்ல சுத்துனாரு. கடைசி வரைக்கும் வழுக்கிக்கிட்டு போச்சு. ரெண்டு பேரும் ஒன்னும் பேசிக்கல. டீ வாங்கிட்டு வர சொல்லி என்னை தொரத்திட்டாங்க.

ஸ்பிரிங்கு கதைதான் கேவலம். சாம்பிளை கையில குடுத்து, கம்பி அஞ்சு எம்எம், இத்தனை சுத்து, வெளி விட்டம் இவ்வளவுன்னு பேப்பர்ல எழுதியே குடுத்தாச்சு. பாத்தா ஆறு எம்எம்ல வந்து நிக்குது. "அஞ்சு ஸ்டாக் இல்ல சார், ஆறுல போட்டுட்டேன், இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்." ஸ்ட்ராங்கா! இந்த ஒரு வார்த்தையால இந்த நாட்டுல எத்தனை முதுகு போயிருக்கும். ஸ்பிரிங்குல கம்பிய லேசா ஏத்துனாலும் விறைப்பு எங்கயோ போயிரும், தடிமன் எத்தனை மடங்கோ அதை நாலு தடவை பெருக்கணும். 1.2ஐ நாலு தடவை பெருக்குங்க, ரெண்டை தாண்டுதா? அதாவது டபுள் விறைப்பு. சித்தப்பா "நான் டெஸ்ட் பண்றேன்"னு ஏறி கொன்னூர் ஹைரோடு வரைக்கும் போய்ட்டு வந்தாரு. வந்தவரு உக்காரவே இல்ல, நின்னுக்கிட்டே காபி குடிச்சாரு. நேத்து அடுப்புல வெந்தது அதுக்கப்புறம் சண்டை போட்டு வாங்குன அஞ்சு எம்எம் செட்டு.

இன்னிக்கு காலைல மாட்டியாச்சு. அழகுன்னா அப்படி ஒரு அழகு. அப்பா வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு ஏறி உக்காந்தாரு. இப்படி அசைஞ்சாரு, அப்படி அசைஞ்சாரு. இறங்குனாரு. மறுபடி ஏறுனாரு.

"இடது பக்கம் சாயுதுடா."

ரசமட்டத்தை எடுத்துட்டு வந்து சீட்டு மேல வச்சு காட்டுனேன். குமிழி கோட்டுக்கு நட்ட நடுவுல நிக்குது.

"ரசமட்டமா வண்டி ஓட்டப்போவுது? சாயுதுங்கறேன்."

அப்புறம் என்ன நெனச்சாரோ, பழைய ஸ்பிரிங்கு ரெண்டையும் கொண்டாரச் சொல்லி வெர்னியர்ல அளந்தாரு. வலது பக்கத்து ஸ்பிரிங்கு இடதை விட நாலு எம்எம் குட்டை. உக்காந்து உக்காந்து அமுங்கி போயிருக்கு. இத்தனை வருஷமா மனுஷன் வலது பக்கமா சரிஞ்சேதான் மெட்ராஸ் பூரா சுத்தியிருக்காரு, இப்ப சீட்டு நேரா இருக்கவும் அது கோணலா தெரியுது.

"பின்பாக்கெட்டுல பர்ஸு வச்சிருப்பேன்ல, அதான்"னாரு அப்பா.

துணி காயப்போட்டுட்டு இருந்த அம்மா திரும்பிக்கூட பாக்கல. "பர்ஸுல என்ன இருந்துச்சு, கனக்கறதுக்கு? நான் பின்னாடி இடது பக்கமா காலை தொங்கப்போட்டு ஒக்காருவேன். மடியில இவன், கையில காய்கறிப் பை. வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். நீங்க இந்தப் பக்கம் சாஞ்சு சாஞ்சு ஓட்டுவீங்க."

"அதெல்லாம் ஒன்னுமில்ல, பர்ஸுதான்"னு அப்பா வெர்னியரை தொடைச்சு டப்பால போட்டாரு. போட்டுட்டு என்னைப் பாத்து, "அந்த ஸ்பிரிங்கு காரனுக்கு போன் போடு. வலது பக்கத்துக்கு மட்டும் நாலு எம்எம் கம்மி பண்ணி ஒன்னு சுத்தித் தரச் சொல்லு."

போட்டேன். அவரு ரெண்டு தடவை கேட்டாரு, "புது ஸ்பிரிங்கு அமுங்குன மாதிரி வேணுமா சார்? நெசமாத்தான் சொல்றீங்களா?" அப்புறம் ரேட்டு சொன்னாரு. போன தடவை நாலு பீஸு சுத்துனது அப்பா மொகத்துக்காகவாம், இனிமே 25க்கு கம்மியா மிஷின் செட்டிங்ல கையே வைக்க மாட்டாராம்.

அட்வான்ஸ் போட்டு விட்டுட்டேன். எங்களுக்கு ஒன்னு போக 24 மிச்சம். அறுபதுகள் புல்லட்டு, ஒத்த சீட்டு, வீட்டம்மா இடது பக்கம் காலு போட்டு உக்காருறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. அடுப்புல வாட்டியே தரேன், இப்ப ஓடிஜி என்னோடதுதான்.