சாரி, சுமிமாசென், மன்னிச்சிடுங்க

நாம ஒருத்தர் கால மிதிச்சிட்டு திரும்பறதுக்குள்ள அவரே நம்மகிட்ட "சாரி"ன்னு சொல்லுவாரு, கனடாக்காரங்கள பத்தி எல்லாரும் சொல்றது இதுதான். அங்க ஒன்டாரியோ மாகாணத்துல 2009ல இதுக்குன்னு சட்டமே போட்டாங்க, ஒருத்தர் மன்னிப்பு கேட்டுட்டாருங்கிறதுக்காக அதையே தப்ப ஒத்துக்கிட்டதா சிவில் கேஸ்ல காட்ட முடியாது. எனக்கு ரொம்ப பிடிச்ச சட்டம் இது, கேஸ் ஆயிடுமோன்னு பயந்தே எத்தன பேரு வாய மூடிக்கிறாங்க, எதிர்ல அழுதுட்டு நிக்கிறவங்களுக்கு அந்த ஒரு வார்த்ததான் அப்ப வேணும்.

ஜப்பான்ல இன்னும் அழகு. லிஃப்ட் கதவ நமக்காக புடிச்சு நின்னவங்களுக்கு "சுமிமாசென்"னு சொல்லுவாங்க, மன்னிப்பும் அதான் நன்றியும் அதான், என்னால உங்களுக்கு சிரமம்னு உள்ளுக்குள்ள ஒரு கூச்சம். 2017 நவம்பர்ல ஒரு ட்ரெயின் 20 செகண்ட் முன்னாடியே கிளம்பிடுச்சுன்னு ரயில்வே கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு!

தெரியாதவங்ககிட்ட சாரி ஈசியா வந்துடுது. வீட்டுக்குள்ளதான் வரமாட்டேங்குது, அதுவும் நம்மள விட சின்னவங்ககிட்ட. நேத்து பையன் மேல தப்பே இல்லாம கத்திட்டேன், ராத்திரி பூரா மனசு கேக்கல. காலைல அவன் பக்கத்துல தரையில உக்காந்து, "அப்பா மேலதான் தப்பு, சாரிடா"ன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தான், அப்புறம் கையில இருந்த பென்சில நீட்டி "சீவி குடுங்க"ன்னான்.