பஸ் டிக்கெட் இருந்த பக்கம்

தன்பாலீர்ப்பு, திருநர் வாழ்க்கை பற்றிய புத்தகங்களைத் தேடி வருபவர்கள் நேராக அந்தத் தட்டுக்குப் போகமாட்டார்கள். சமையல், ஜோதிடம், பயணம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, போகிற போக்கில் கண்ணில் பட்டதுபோல அங்கே நிற்பார்கள். நான் உடனே பில் புக்கில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். "என்ன வேணும்?" என்று கேட்டால் போதும், ஆள் வெளியே போய்விடுவார். இத்தனை வருடம் புத்தகம் விற்றதில் நான் கற்ற பெரிய வித்தை, எப்போது பார்க்கக்கூடாது என்பதுதான்.

முதலில் அந்தப் புத்தகங்கள் உளவியல் அலமாரியில், மனச்சோர்வுக்கும் குடிநோய்க்கும் நடுவில் இருந்தன. வந்த பட்டியலில் அப்படிப் பிரித்திருந்தார்கள், நானும் யோசிக்காமல் அடுக்கிவிட்டேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. என் அலமாரிக்குத்தான் சேதி வந்து சேரவில்லை. ஒரு பெண் பில் போடும்போது, "இது வியாதியாங்க, இங்கே வச்சிருக்கீங்க?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்று மாலையே இடத்தை மாற்றினேன்.

மாற்றியது கடையின் கோடிக்கு. மறைவாக நின்று பார்க்கட்டுமே என்ற நல்லெண்ணம்.

அப்புறம்தான் கிரெய்க் ராட்வெல் பற்றிப் படித்தேன். 1967இல் நியூயார்க்கில், தன்பாலீர்ப்புக்காகச் சிறை சென்ற எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் பெயரில் புத்தகக் கடை திறந்தவர். இந்த மாதிரிப் புத்தகம் என்றாலே ஆபாசக் கடைச் சரக்கு என்று நினைத்த காலம் அது. அவர் ஆபாசத்தை உள்ளே விடவில்லை. கிடைத்த கொஞ்சம் தலைப்புகளை வைத்துக்கொண்டு எல்லாரும் பார்க்கத் தெருவில் கடை நடத்தினார். 1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்துத் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் செய்த கலவரத்துக்கு ஆண்டு நிறைவாக 1970 ஜூன் 28இல் அங்கே நடந்த முதல் பெருமித (பிரைடு) ஊர்வலத்துக்கு யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். என் நல்லெண்ணத்தை நினைத்து எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சில பிரதிகளை எடுத்து வாசல் மேசையில் வைத்தேன்.

ஒன்றும் விற்கவில்லை. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். சரி, போகட்டும். கோடித் தட்டில் மட்டும் வழக்கம்போல விற்பனை. மறைத்து வைத்ததே சரியோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, நடுவயது அம்மா ஒருவர் மேசையிலிருந்து ஒன்றை எடுத்துவந்தார். "பையனுக்கு" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "இல்ல, எனக்குத்தான். அவனுக்கு இதெல்லாம் தெரியும்" என்றார். அவர் கோடிக்குப் போயிருக்கவே மாட்டார். தேடி வருபவர்களுக்குக் கோடியில் ஒரு இடம் வேண்டும், தேடவே தெரியாமல் நிற்பவர்களுக்கு வாசலில் ஒரு இடம் வேண்டும். அன்றிலிருந்து இரண்டு இடத்திலும் வைக்கிறேன்.

போன முறை ஸ்டாக் எடுத்தபோது கோடித் தட்டில் ஒரு புத்தகம், முதுகு உள்பக்கம் திரும்பியபடி இருந்தது. 42ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட். நேராக்காமல் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பார்த்தால் டிக்கெட் 71ஆம் பக்கத்தில். யாரோ தவணை முறையில் படிக்கிறார். நேற்று அந்தத் தலைப்பைக் கேட்டு ஒருவர் வந்தார். "வெள்ளிக்கிழமை வாங்க, வரவழைச்சுத் தர்றேன்" என்றேன். டிக்கெட் இப்போது 118இல் இருக்கிறது.