மொட்டை மாடி சென்சார்: 15.6 டிகிரி வந்த கதை, அப்புறம் ஸ்கிரிப்ட்டில் மாற்றியவை

சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்து டிஎச்டி22 என்ற ஒரு வெப்பநிலை சென்சார், அதோடு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர், மேலே ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு). வேலூர் வெயிலை நாமே அளந்து வைப்போமே என்றுதான் ஆரம்பித்தது. சென்சாரைப் படிக்கும் சி புரோகிராம் அக்கா பையன் எழுதியது. வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி மெயின் ஃபங்ஷனிலிருந்து அப்படியே ரிட்டர்ன் செய்திருந்தான். "$? எடுத்துப் பத்தால வகுத்துக்கோங்க மாமா, அவ்வளவுதான்" என்றான். $? என்பது கடைசியாக ஓடிய கட்டளை திருப்பித் தந்த எண்.

மார்கழி விடியற்காலையில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. அக்னி நட்சத்திர மதியத்தில் லாக்கைத் திறந்தால் 15.6 டிகிரி! மே மாத மதியத்தில் ஏலகிரிக்குப் போனால்கூட அது கிடைக்காது. விஷயம் என்னவென்றால், புரோகிராம் முடியும்போது ஷெல்லுக்கு (கட்டளைகளை ஓட்டும் பாஷ்தான் அது) போவது எட்டு பிட் மட்டும், அதாவது 0 முதல் 255 வரை. 41.2 டிகிரிக்கு அவன் அனுப்பிய 412-இல் 256 போய் மிச்சம் 156. 25.5-க்கு மேல் போனாலே கணக்கு கெட்டுவிடும், வேலூரில் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

சரி, இப்போது வெப்பநிலையை பிரிண்ட் செய்யச் சொல்லி $( ) வைத்து அந்த வெளியீட்டைப் பிடிக்கிறேன். ரிட்டர்ன் எண் வேலை நடந்ததா என்று சொல்வதற்கு மட்டும்: 0 என்றால் நல்லபடி, 1 என்றால் சென்சார் பேசவில்லை, 2 என்றால் செக்சம் (தரவு சரியாக வந்ததா என்று பார்க்கும் கூட்டுத்தொகை) தப்பு. $?-ஐ அடுத்த வரியிலேயே ஒரு வேரியபிளில் போட்டுவிட வேண்டும், நடுவில் ஒரு எக்கோ வந்தாலும் அதன் எண்தான் கைக்கு வரும்.

ஃபங்ஷனுக்குள் லோக்கல் (அந்த ஃபங்ஷனுக்கு மட்டுமான வேரியபிளை அறிவிக்கும் கட்டளை) என்று எழுதி அதே வரியில் $( ) வைத்தால் புரோகிராம் தோற்றாலும் 0 வருகிறது, ஏனென்றால் அது லோக்கல் கட்டளையின் வெற்றி. இதைக் கண்டுபிடிக்கத்தான் நிறைய நேரம் போனது. அறிவிப்பையும் மதிப்பு வைப்பதையும் இரண்டு வரியாகப் பிரித்ததும் சரியானது. லாக்குக்காக, வருவதைக் கோப்பிலும் எழுதும் டீ கட்டளைக்குப் பைப் போட்ட (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பிய) இடத்திலும் இதே கதை, கடைசிக் கட்டளையின் எண்தான் வரும். அங்கே பைப்ஃபெயிலை ஆன் செய்தேன், வரிசையில் எந்தக் கட்டளை தோற்றாலும் அது தெரிந்துவிடும்.

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் வந்த எண் 127. கட்டளையே கிடைக்கவில்லை என்று அர்த்தம், முழுப் பாதையைக் கொடுத்ததும் ஓடியது. 126, 127, 128-க்கு மேல் எல்லாம் ஷெல் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது, அதனால் நம் எண்களைச் சின்னதாகவே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, 2 வந்தால் மட்டும் மறுபடி படிக்க வைக்கணும். இந்த சென்சாருக்கு இரண்டு விநாடி இடைவெளி வேண்டும், காத்திருக்க வைக்கும் ஒரு ஸ்லீப் கட்டளை போட்டால் போதும்.