இரண்டாவது தடவை வயிறு கழுவியபோது

முதல் தடவை கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, பாதியில் நின்றுபோனது. மயக்கம் தெளிந்ததும், "குடல் சுத்தமாகல சார், இன்னொரு தடவை வரணும்" என்றார்கள். ஏதோ பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

அந்த முதல் தடவைக்கு முன்னால் எனக்குக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. 'முந்தைய நாள் லேசான உணவு. பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும்.' அவ்வளவுதான். எங்கள் வீட்டில் லேசான உணவு என்றால் கீரை மசியல், ஒரு கொய்யாப்பழம். அதைத்தான் சாப்பிட்டேன். இரும்புச்சத்து மாத்திரையையும் வழக்கம்போல விழுங்கினேன். இரவு 9 மணிக்குள் மருந்து முழுவதையும் குடித்துத் தீர்த்தாயிற்று. பரிசோதனையோ மறுநாள் மதியம் 12-க்கு.

அடுத்த தடவை வேறு ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சிஸ்டர் எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினார். மூன்று நாளைக்குக் கீரை, விதையுள்ள காய், பழம் கூடாது. இட்லி, வெள்ளைச் சோறு, தயிர் போதும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். முந்தைய நாள் இளநீர், பால் சேர்க்காத டீ, வடிகட்டிய ரசத்தெளிவு மட்டும். மருந்தில் பாதி மாலையில், மீதி விடிகாலையில். ஏன் என்று கேட்டேன். "ராத்திரியே கழுவி முடிச்சாலும் சிறுகுடல்லேருந்து பித்தமும் சளியும் திரும்ப இறங்கி ஒட்டிக்கும் சார்." இந்த ஒரு வரியை முதலில் யாராவது சொல்லியிருக்கலாம்!

சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெயோடு ஒப்பிட்டால் இந்த மருந்து தேவலாம். ஆனாலும் உப்புக் கரிக்கிறது, லேசாகக் கொழகொழக்கிறது. கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு. மூன்றாவது டம்ளரில் குமட்டியது. அரை மணி நேரம் நிறுத்தி, ஃப்ரிட்ஜில் குளிர வைத்து, ஸ்ட்ராவில் உறிஞ்சினேன், இறங்கிவிட்டது. கழிவறை ஓட்டம் தொடங்கும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எரிச்சல் வந்த பிறகு தடவிப் பெரிய பயனில்லை, பட்டவன் சொல்கிறேன்.

காலை 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மீதி 1 லிட்டரை முடித்தேன். 7 மணிக்குப் போனது வெறும் மஞ்சள் தண்ணீர், அடியில் பீங்கான் தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷம்.

ரிப்போர்ட்டில் பாஸ்டன் ஸ்கோர் 9-க்கு 8 என்று போட்டிருந்தார்கள். குடல் எவ்வளவு சுத்தம் என்பதற்கான மதிப்பெண்ணாம். அதற்குக் கீழேயே இன்னொரு வரி: 6 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் (குடல் சுவரில் வளரும் சின்னச் சதைக் கட்டி), அகற்றப்பட்டது. அது இருந்த இடம் வலப்பக்கக் குடல். முதல் தடவை கேமரா அந்தப் பக்கம் போகவே இல்லை.