வெள்ளைக் கலங்கல்

மதுரைக்கு மேற்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்த புதிது. இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்கள், செய்வதுதான் வேலை. நாகமலை அடிவாரத்தில் பறித்த ஆவாரம் இலை 10 கிராமை நறுக்கி, 100 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். 90 மில்லி வெள்ளி நைட்ரேட் கரைசலில் அந்தச் சாறு 10 மில்லி விட்டால் துகள் உருவாகிப் பழுப்பு நிறம் வர வேண்டும். எனக்கு வந்தது வெள்ளைக் கலங்கல்.

ஆய்வக உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இலைய எந்தத் தண்ணில கொதிக்க வச்ச?"

குழாய்த் தண்ணீரில்தான். கொதிக்கத்தானே போகிறது என்று நினைத்துவிட்டேன். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதிலிருந்த குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெள்ளி குளோரைடாக இறக்கிவிட்டது.

மறுநாள் வாலை வடிநீரில் செய்தேன். இளமஞ்சளாக இருந்த கரைசல் மெல்ல மெல்ல டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. இலையில் இயற்கையாக உள்ள பாலிபீனால்கள் என்ற சேர்மங்கள் எலக்ட்ரான் கொடுக்க, வெள்ளி அயனிகள் அணுக்களாகித் துகளாகத் திரள்கின்றன. அந்தத் துகள்களின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால்தான் அந்த நிறம். ஒளி உறிஞ்சுதலை அளக்கும் கருவியில், துகள் உருவானதற்கு அடையாளமாக 430 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் முகடு எழுந்ததைப் பார்த்து அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எலக்ட்ரான் கொடுக்கும் இந்த வேலையைச் செய்ய சோடியம் போரோஹைட்ரைடு போன்ற ரசாயனங்களும் உண்டு. 2004இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் வேப்பிலைச் சாற்றிலேயே தங்கம், வெள்ளித் துகள்களைச் செய்து காட்டினார்கள். அருமையான வழிதான். ஆனால் இலை வந்தது அந்த ஒரு ரசாயனத்தின் இடத்துக்கு மட்டும்தான். வெள்ளி நைட்ரேட் அப்படியேதான் இருக்கிறது. மீந்த கரைசலையும் கழுவிய நீரையும் நான் முதல் சில வாரங்கள் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தொட்டித் தண்ணீர் போகும் வாய்க்கால் ஒரு கண்மாயில் போய்ச் சேர்கிறது. சாக்கடையைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிரிகளைக்கூட வெள்ளி கொல்லும். இதைத் தெரிந்துகொண்டே பசுமை முறை என்று அறிக்கையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்புறம் மேசைக்கடியில் ஒரு கேன் வைத்தோம். கழிவெல்லாம் அதில்தான். நிறைந்ததும் உப்புக் கரைசல் ஊற்றுவேன். அதே வெள்ளைக் கலங்கல் எழும்பும். ஒரு இரவு விட்டால் அடியில் படிந்துவிடும். வெயில் பட்டால் கறுக்கும் என்பதால் வடித்தெடுத்துப் பழுப்புப் புட்டியில் வைக்கிறேன். தெளிந்த நீரிலும் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விட்டு, கலங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.