ஒண்ணும் ஏறலையேன்னு இன்னொரு துண்டு

"மாப்ள, ஒண்ணும் ஏறலையேடா."

கஞ்சாவைப் புகைக்காமல் சாக்லேட்டாகவோ லட்டாகவோ தின்றவர்கள் கேஷுவாலிட்டிக்கு வந்து சேருவது பெரும்பாலும் இந்த வரியில் இருந்துதான் தொடங்கும். தின்று முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், தலை தெளிவாகவே இருக்கும். சரக்கு மட்டம் என்று முடிவுகட்டி இரண்டாவது துண்டை வாயில் போடுவார்கள். அடுத்த அரை மணியில் முதல் துண்டு வேலையைக் காட்டும். அது உச்சிக்குப் போகும் நேரம் பார்த்து இரண்டாவதும் மேலே ஏறி உட்காரும். இறங்க ராத்திரி முழுக்க ஆகும், சிலருக்கு மறுநாள் மதியம்கூட ஆகிவிடும்.

இழுத்த புகை நுரையீரலில் இருந்து நேராக ரத்தத்துக்குப் போய்விடுகிறது. சில நிமிடத்தில் தெரியும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பெருமளவு அடங்கும். தின்றது குடலில் இறங்கி, கல்லீரலுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். போதை தரும் டி.எச்.சி.யை கல்லீரல் 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்கிற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. இது மூளைக்குள் எளிதாக நுழையும், வீரியத்திலும் சளைத்ததில்லை. வருடக்கணக்கில் இழுத்துப் பழகியவர்கூட ஒரு லட்டில் தடுமாறுவது இதனால்தான். "எனக்குப் பழக்கம்ணே" என்ற பேச்சு இங்கே அரைக்காசுக்குத்தான் செல்லும்.

தெரிய ஆரம்பிக்க 30 நிமிடம் முதல் 2 மணி நேரம். உச்சம் 2 முதல் 4 மணி நேரத்தில். மொத்தம் 6 முதல் 8 மணி நேரம், அளவு கூடினால் 12 மணி நேரத்தையும் தாண்டும். ராத்திரி முட்டைப் பரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்டத் தின்றபின் போட்டால் தொடக்கம் இன்னும் தள்ளிப்போகும். ஆனால் கொழுப்போடு சேரும்போது உடம்பு உறிஞ்சும் அளவு கூடும். ஆக, லேட்டாக வரும், வரும்போது பெரிதாக வரும். பொறுமை இல்லாதவருக்கு இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது.

வீட்டில் செய்தது என்றால் இன்னொரு சிக்கல். டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். மாவில் நெய் எங்கே திரண்டதோ அங்கே மருந்தும் திரளும். ஒரே தட்டில் வெட்டிய இருபது துண்டில் ஒன்று சப்பென்று இருக்கும், பக்கத்துத் துண்டு ஆளைக் கவிழ்க்கும். போட்ட சரக்கின் வீரியமும் தெரியாது. கணக்கு என்னவோ எளிதுதான்: 1 கிராமில் 1 சதவீதம் டி.எச்.சி. இருந்தால் 10 மில்லிகிராம், 10 சதவீதம் என்றால் 100 மில்லிகிராம். ஆனால் அந்த சதவீதத்தைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ யாராலும் சொல்ல முடியாது. "அளவாத்தான் போட்டுருக்கேன்" என்பவர் எதை அளந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

மதுரைப் பக்கத்து ஆட்கள் இந்த வம்பில் தெரியாமலே மாட்டும் இடம் ஒன்று உண்டு: காசி. இராமேசுவரம் மணலோடு யாத்திரை போகிறவர்கள், அங்கே ஜிகர்தண்டா மாதிரி பாலும் பாதாமும் போட்டு, சோம்பு மணக்கக் கொடுக்கும் தண்டாயைக் குளிர்ச்சி என்று குடித்துவிடுகிறார்கள். தண்டாய் வெறும் பால் பானம்தான். அதில் கஞ்சா இலையை அரைத்த பச்சை நிற உருண்டை ஒன்றைக் கரைத்தால் அது பாங்கு. உத்தரப்பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற பாங்கு கடைகளே உண்டு. கடைக்காரரிடம் "பாங்கு இல்லாமல்" என்று வாய்விட்டுச் சொல்லி, கலப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அறுபது வயதுக்கு மேல் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது விளையாட்டல்ல. நாடித்துடிப்பு ஏறும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். படித்துறையில் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போயிற்று. இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் கணக்கே மாறக்கூடும்.

பாங்கில் ஊமத்தை கலப்பதும் நடக்கிற காரியம்தான். கஞ்சா மட்டும் என்றால் கண் சிவக்கும், வாய் காயும், பசிக்கும், தூக்கம் தள்ளும். ஊமத்தை இருந்தால் கண்மணி பெரிதாக விரியும், தோல் வியர்வையே இல்லாமல் சுடும், சிறுநீர் போகாது, இல்லாத ஆளோடு பேச ஆரம்பிப்பார். இரண்டாவது ரகம் தென்பட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. வடக்கே பாங்கு விற்பது அந்தச் சந்தில்தான். தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற பாங்கு கடை என்று ஒன்று கிடையாது. கஞ்சாவைக் கலந்த எதுவும், அதிலிருந்து செய்த பானமும் கஞ்சாதான் என்கிறது அதே சட்டம். அதனால் "சாக்லேட்தானே சார்" என்பது வாதமே ஆகாது. 1 கிலோ வரை சிறு அளவு, ஓராண்டு வரை சிறை. அதற்கு மேல் 20 கிலோவுக்குள் பத்தாண்டு வரை. வணிக அளவு என்றால் பத்து முதல் இருபது ஆண்டு. பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது: சாக்லேட்டில் போட்டது கஞ்சாச் செடியின் பிசின் எண்ணெய் என்றால் அது கஞ்சா கணக்கில் வராது, சரஸ் என்கிற பிசின் கணக்கில் வரும். அதில் சிறு அளவே 100 கிராம்தான். போதைப்பொருளோடு கலந்த மற்றப் பொருளின் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள், கொக்கோவும் சர்க்கரையும் எங்கே கொண்டுபோய் விடும் என்று புரியும். இந்த வழக்குகளுக்கென்றே மதுரையில் சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது.

இதில் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. கீமோதெரபி வாந்திக்கு டி.எச்.சி. மாத்திரையை அமெரிக்கா 1985லேயே அனுமதித்தது. எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கு 1992இல் அனுமதித்தது. கஞ்சாவிலேயே இருக்கும், போதை தராத சி.பி.டி. என்ற பொருளை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வகை வலிப்புக்கு 2018இல் அனுமதித்தது. பெரியவர்களின் நாள்பட்ட வலிக்கும் ஓரளவு பலன் உண்டு. தின்பதால் புகை நுரையீரலுக்குப் போவதில்லை. ஆறேழு மணி நேரம் தாங்குவதால் ராத்திரி வலிக்குத் தோதுதான். ஆனால் இதெல்லாம் மில்லிகிராம் அளந்த மருந்துக்குச் சொன்னது. வீட்டில் புற்றுநோய் வலியில் யாராவது இருந்தால் லட்டு தேடிப் போகாதீர்கள். வலி தணிப்புச் சிகிச்சை மருத்துவரிடம் வாய்வழி மார்ஃபின் பற்றிக் கேளுங்கள், அது சட்டப்படியே கிடைக்கும். சித்த மருத்துவத்திலும் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு. அவை நச்சுப் பொருள் பட்டியலில் வருவதால் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருந்தாக வேண்டும். லேபிளே இல்லாத திருவிழாக் கடை லேகியத்தைத் தொடாதீர்கள்.

கனடா, அமெரிக்காவின் சில மாநிலங்கள் என்று சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அளவு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கனடாவில் 2019 முதல் ஒரு பாக்கெட் மொத்தத்துக்கும் 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. கொலராடோவில் ஒரு துண்டே 10, பாக்கெட் 100. டொராண்டோவில் ஒரு பாக்கெட்டைக் காலி செய்து பழகியவர் கொலராடோவின் டென்வரில் அதையே செய்தால் பத்து மடங்கு. புதியவருக்கு 2.5 மில்லிகிராம் போதும். தின்ற நேரத்தை போனில் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு இரண்டாவது துண்டு வேண்டாம். மதுவோடு சேர்க்கக் கூடாது, அது ரத்தத்தில் டி.எச்.சி.யை ஏற்றிவிடும். தூக்க மாத்திரையோடும் கூடாது. இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், குடும்பத்தில் மனச்சிதைவு இருப்பவர் ஆகியோருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது. இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள் தள்ளிப்போடுவது நல்லது.

அளவு மீறிவிட்டால்? நெஞ்சு படபடக்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும், ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரமாக நீளும். இதற்கு மாற்று மருந்து கிடையாது, நேரம்தான் மருந்து. வெளிச்சம் குறைந்த அறையில் உட்கார வைத்து, "தின்னதுதான் வேலை செய்யுது, இறங்கிரும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தெளிவாக விழுங்குகிறார் என்றால் தண்ணீர் கொடுக்கலாம். காபி வேண்டாம், படபடப்பைக் கூட்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவர் வாயில் எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணியும் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். போதையை அது இறக்காது, மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டு விடும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அப்படித்தான். தூங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். நெஞ்சுவலி, வலிப்பு, தட்டியும் எழாத தூக்கம், மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, அடிக்க வரும் அளவு வெறி என்று ஏதாவது தென்பட்டால் உடனே 108.

குழந்தை தின்றுவிட்டது என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது. ஆறு வயதுக்குட்பட்டவர்களைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராமுக்கு மேல் போனால் பாதிப்பு கடுமையாகவும் நீண்டும் இருக்கிறது என்று தெரிந்தது. 10 கிலோ குழந்தைக்கு அது 17 மில்லிகிராம், கொலராடோ கணக்கில் இரண்டு மிட்டாய்கூட இல்லை. தள்ளாட்டம், தொய்வு, எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு குறைவது என்று போகும். மதுரையில் என்றால் பெரியாஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். சாக்லேட் உறை, மிச்சத் துண்டு, தின்ற நேரம் மூன்றையும் கொண்டுபோங்கள். போலீஸ் பயத்தில் "ஏதோ மாத்திரை முழுங்கிட்டான்" என்று மாற்றிச் சொன்னால், மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் ஊசி குத்துவது வரை போகும்.

தின்ற அன்றைக்கு டூவீலர்கூட எடுக்கக் கூடாது. மறுநாள் காலையிலும் மந்தமாக இருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பழக்கத்தை விட நினைப்பவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகும் அடிமைப்பட்டவருக்கு, சிறு அளவு வழக்கில் இருந்து நிபந்தனையோடு விலக்குத் தர அதே என்.டி.பி.எஸ். சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. வக்கீலிடம் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

போதை இறங்கினாலும் சிறுநீரில் தடயம் சில நாள் நிற்கும், தினமும் எடுப்பவருக்கு வாரக்கணக்கில். போதைப் பரிசோதனை உள்ள வேலைக்குப் போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வைத்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குடிமகனோ பி.ஆரோ வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் அங்கே குற்றம்தான். "காசியில குடிச்சது சார்" என்ற பதில் சாங்கி விமான நிலையத்தில் செல்லாது.