எக்ஸ்பியில் கோப்பு தேடல்: இருக்கிற கோப்பை இல்லை என்று சொன்னால்

கணினி: விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமைந்த டிரைவ். பாமினியில் (ஆங்கில எழுத்துக் குறிகளுக்குத் தமிழ் வடிவம் தரும் பழைய எழுத்துரு) தட்டிய பழைய வேர்டு கோப்புகளுக்காகவே இன்னும் ஓடுகிற ரகம். புகார் ஒன்றுதான்: கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் எதுவும் கிடைக்கவில்லை என்று முடிந்துவிடுகிறது. எக்ஸ்பியில் இப்படி வந்தால் பெரும்பாலும் தேடல் கெட்டுப்போயிருக்காது. அந்தக் கோப்பை அது திறந்தே பார்த்திருக்காது. எந்த இடத்தில் பார்க்காமல் தாண்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் பெயர்த் தேடலையும் உள்ளடக்கத் தேடலையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். சோதனைக்கு ஒரு ஃபோல்டரில், வேறெங்கும் வராத ஏதாவது ஒரு சொல்லை நோட்பேடில் தட்டி அதையே மூன்று பெயரில் சேமிக்கவும்: ஒன்று டிஎக்ஸ்டி, ஒன்று பிஎச்பி, ஒன்று நாமே வைத்த ஏதோ ஒரு பின்னொட்டு. இனி எந்த அமைப்பை மாற்றினாலும் இந்த மூன்றையும் தேடிப் பார்த்தால் மாற்றம் பிடித்ததா என்று உடனே தெரியும்.

பெயர்த் தேடல்

கட்டளைச் சாளரத்தைத் திறந்து கோப்புகளைப் பட்டியலிடும் டிஐஆர் கட்டளையை /எஸ் /பி /ஏ என்ற மூன்று சுவிட்சுகளுடன், பெயரின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு ஓட்டவும். /ஏ முக்கியம், மறைந்த கோப்பு, சிஸ்டம் கோப்பு எல்லாவற்றையும் அதுதான் காட்டும். இதில் கிடைத்து, தேடல் சாளரத்தில் கிடைக்கவில்லை என்றால் 'மோர் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியைத் திறந்து, மறைந்த கோப்புகளையும் ஃபோல்டர்களையும் தேடச் சொல்லும் பெட்டியில் டிக் போடவும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லியிருந்தாலும் இந்தப் பெட்டி தனி. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அஞ்சல்கள் அடங்கிய டிபிஎக்ஸ் கோப்புகள் பலருக்கும் கிடைக்காமல் போவது இதனால்தான். அவை இருக்கும் 'லோக்கல் செட்டிங்ஸ்' ஃபோல்டரே மறைந்த ஃபோல்டர்.

எச்டிஎம் என்று தேடினால் எச்டிஎம்எல் கோப்புகளும் சேர்ந்து வருவது பிழையில்லை. ஒவ்வொரு நீளப் பெயருக்கும் பின்னால் 8.3 வடிவில் (பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று) ஒரு குறும்பெயர் இருக்கிறது, பின்னொட்டு அதில் மூன்று எழுத்தாகச் சுருங்கிவிடும். டிஐஆர் அதையும் சேர்த்தே ஒப்பிடுகிறது.

யூனிகோடு தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். என்டிஎஃப்எஸ் இரண்டையும் வேறுவேறாகவே வைத்திருக்கும். மேக்கிலிருந்து வந்த கோப்புகளில் துண்டான வடிவம் வரும். ஆகவே 'கோவில் கணக்கு' என்ற கோப்பைத் தேட 'கணக்கு' என்று மட்டும் கொடுப்பது நல்லது. ஓகாரமும் ஒகாரமும் இல்லாத சொல்லைத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

உள்ளடக்கத் தேடல்

எக்ஸ்பியின் பெரிய குறை இங்கேதான். 'கோப்புக்குள் உள்ள சொல்' என்ற பெட்டியில் எதைக் கொடுத்தாலும், வடிகட்டி (கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும் சிறு நிரல்) பதிவாகியுள்ள கோப்பு வகைகளுக்குள் மட்டுமே அது பார்க்கும். சோதனைக் கோப்புகளில் டிஎக்ஸ்டி மட்டும் சிக்கும், மற்ற இரண்டும் சத்தமில்லாமல் விடுபடும். தேடல் வேகமாக முடியட்டும் என்று மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு இது. ஆனால் விடுபட்டதைத் திரையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால்தான் இல்லாத கோப்பு என்று நம்பி, மறுபடி தட்டச்சு செய்தவர்கள் உண்டு.

மாற்ற இரண்டு வழி. எல்லா வகைக்கும் சேர்த்து: ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் நிரல்) லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கன்டென்ட்இண்டெக்ஸ் என்று இறங்கி, 'ஃபில்டர்ஃபைல்ஸ்வித்அன்நோன்எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற டிவேர்டு மதிப்பை 1 ஆக்கவும். மதிப்பின் பெயரில் இடைவெளி கிடையாது. மாற்றும் முன் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைக்கவும், மாற்றியபின் கணினியை மறுதொடக்கம் செய்யவும். மூன்று சோதனைக் கோப்புகளும் வர வேண்டும். பெரிய டிரைவில் தேடல் நன்றாகவே மெதுவாகும்.

ஒரு வகைக்கு மட்டும் போதும் என்றால்: அதே எடிட்டரில் கிளாசஸ் ரூட்டில் டிஎக்ஸ்டி பின்னொட்டின் கீழ் 'பெர்சிஸ்டென்ட்ஹேண்ட்லர்' என்ற உட்சாவி இருக்கும். அதன் இயல்பு மதிப்பாக உள்ள நீண்ட அடையாள எண்ணை அப்படியே நகலெடுத்து, பிஎச்பி பின்னொட்டின் கீழ் அதே பெயரில் ஓர் உட்சாவி உருவாக்கி ஒட்டவும். கையால் தட்ட வேண்டாம், ஓர் இலக்கம் தவறினாலும் வேலை செய்யாது. முழு டிரைவையும் மெதுவாக்காத இந்த வழிதான் சிறந்தது.

டாக்எக்ஸ் கோப்புக்கு இரண்டுமே உதவாது. உள்ளே எழுத்து ஜிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். ஆபீஸ் 2007 வடிகட்டித் தொகுப்பை நிறுவினால்தான் படிக்கும். கட்டளைச் சாளரத்தில் கோப்புக்குள் சொல்லைத் தேடும் ஃபைண்ட்ஸ்டிஆர் கட்டளையும் இதனால்தான் அங்கே கைவிரிக்கும். நோட்பேடில் 'யூனிகோடு' என்று சேமித்த கோப்பிலும் ஃபைண்ட்ஸ்டிஆர் தோற்கும், பழைய ஃபைண்ட் கட்டளை படித்துவிடும்.

பாமினிக் கோப்புகள்

இவற்றில் யூனிகோடு தமிழில் தேடுவது வீண். பாமினியில் தட்டிய 'அம்மா' கோப்புக்குள் ஐந்து குறிகள்: சின்ன எழுத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். தேடல் பெட்டியில் போக வேண்டியது இந்த வரிசைதான். விசைகளை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. வேர்டில் அந்தச் சொல்லைக் காப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகவே விழும்.

'கேஸ் சென்சிடிவ்' பெட்டியில் டிக் அவசியம். சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. டிக் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிச் சம்பந்தமில்லாத கோப்புகள் குவியும். கோப்புகளில் உள்ள சொற்களை முன்கூட்டியே அட்டவணை போட்டு வைக்கும் இண்டெக்ஸிங் சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தால் சர்வீசஸ் பட்டியலில் அதை நிறுத்திவிடவும். அது நிறுத்தற்குறி வரும் இடத்தில் சொல்லை வெட்டும், பாமினியில் புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யிலும் ஓர் அரைப்புள்ளி இருக்கிறது.

தேடல் சாளரமே திறக்காவிட்டால்

சர்ச் கம்பானியன் (எக்ஸ்பி தேடல் சாளரத்தின் இடது பக்கப் பகுதி) ஓடத் தேவையான கோப்பு இல்லை என்று செய்தி வந்தால், ரன் பெட்டி வழியாக விண்டோஸ் ஃபோல்டரின் உள்ளே ஐஎன்எஃப் என்ற மறைந்த ஃபோல்டரைத் திறந்து, 'எஸ்ஆர்சிஎச்ஏஎஸ்எஸ்டி' என்ற பெயருள்ள ஐஎன்எஃப் கோப்பின் மேல் வலது சொடுக்கி 'இன்ஸ்டால்' கொடுக்கவும். எக்ஸ்பி குறுந்தகடு கேட்கலாம், கையில் இருக்கட்டும். இடது பக்கம் வெறுமையாக நின்றால் ஜேஸ்கிரிப்ட், விபிஸ்கிரிப்ட் டிஎல்எல் இரண்டையும் ரெக்எஸ்விஆர்32 கட்டளை கொண்டு மறுபடி பதிவு செய்து பார்க்கவும்.

பெயரை மட்டுமே அடிக்கடி தேடுகிறவர்கள் எவ்ரிதிங் மென்பொருளின் எக்ஸ்பியில் ஓடும் வெளியீட்டை நிறுவிக்கொள்ளலாம். என்டிஎஃப்எஸ் டிரைவின் கோப்பு அட்டவணையை அது நேரடியாகப் படிப்பதால் மறைந்த கோப்பும் தப்பாது. எஃப்ஏடி32 பென் டிரைவ் என்றால் அந்த ஃபோல்டரைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.